நம் வீட்டுப் பிள்ளை கடைசியில்

கில்கவன், மேயோ
செப்டம்பர் 12, 2011, திங்கள் இரவு

அன்புள்ள டீலியா சித்திக்கு,

மேற்கொண்டு படிக்கும் முன் ஒரு சத்தியம் செய்யுங்கள். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டக் கூடாது. படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடுங்கள். அம்மாவுக்குத் தெரியாமல் அப்பா மாட்டுக்கொட்டகையில் நின்று உங்களோடு தொலைபேசியில் பேசுவது எனக்குத் தெரியும். அவரிடமும் வாய் தவறி ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது.

என் கைபேசியை அம்மா தினமும் வாங்கிப் பார்க்கிறாள். அதனால்தான் காகிதம். பதிலை என் தோழி நீசா வீட்டு முகவரிக்கு எழுதுங்கள். அவளுடைய அம்மா அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பவர் அல்ல. தபால்காரரோடு ஊர்வம்பு பேசவே அவருக்கு நேரம் போதவில்லை.

அக்டோபர் முதல் ஞாயிறு, அண்ணன் நினைவாக நடத்தும் கோர்மக் ஓட்டம். இது மூன்றாவது வருடம். போன வாரம் எங்கள் சமையலறையில் குழு கூடியது. ரொட்டி வண்டி ஓட்டும் பேட்ஸிதான் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பு. கூட்டத்திலும் ஒலிபெருக்கி இல்லாமலே அதே சத்தத்தில்தான் பேசுவார்.

“இந்த வருஷம் நம்ம சாமியாரும் ஓடப் போறாராம், பெர்னி. எதுக்கும் ஆம்புலன்ஸ் ஒண்ணு கூடுதலாச் சொல்லி வச்சிருவோம்” என்றார்.

அம்மா சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள், சித்தி. இந்த ஓட்டம் நெருங்கும்போதுதான் அவள் சிரிப்பாள். மற்ற மாதங்களில் துணி மடிப்பது போல நாட்களை மடித்து வைத்துக்கொண்டிருப்பாள்.

“முன்னால ஓடுறது யாரு?” என்று யாரோ கேட்டார்கள்.

“வேற யாரு? எங்க நோலாதான். பதினாலு வயசாச்சு, சின்னப் பசங்க ஓடுற சின்னச் சுத்துல இனிமே ஓட முடியாது. அவ அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டு முழுத் தூரமும் முன்னால ஓடட்டும். என்னடி, கேட்டுதா?”

கேட்டது என்று தலையாட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா எழுந்து போய்த் தேநீர்க் கெட்டிலைக் கழுவினார். அது ஏற்கெனவே கழுவிய கெட்டில்.

இனி எழுதப்போவதைத்தான் யாருக்கும் சொல்லக் கூடாது. சனிக்கிழமை பயிற்சிக்காகச் சதுப்புநிலச் சாலையில் தனியாக ஓடினேன். மேட்டில் ஏறும்போது நெஞ்சு திடீரென்று தாளம் தப்பியது. வேகமாக அடித்தது என்று சொல்ல முடியாது. அடிக்க மறந்துபோய், பிறகு ஞாபகம் வந்தது போல ஒரேயடியாக அடித்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது சாலையோரப் புல்லில் கிடந்தேன். ஒரு செம்மறியாடு என்னைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. வீட்டில் கால் தடுக்கிவிட்டது என்றேன்.

கோர்மக்கும் ஒருமுறை இப்படி விழுந்தான் என்றும், அதைப் பற்றி நீங்கள் ஏதோ சொல்லப்போய்த்தான் அம்மா உங்களோடு பேசுவதில்லை என்றும் எனக்குத் தெரியும். என்ன சொன்னீர்கள் என்று தெரியாது. அவனுக்கு அப்போது எப்படி இருந்தது? இதே மாதிரியா? அதை மட்டும் எழுதுங்கள். பயமாக இருக்கிறது.

உங்கள்
நோலா

*

கால்வே
செப்டம்பர் 16, 2011

என் செல்ல நோலாவுக்கு,

அடுப்பில் போடச் சொன்னாய். என் வீட்டில் இருப்பது மின்சார அடுப்பு. ஆகவே உன் கடிதம் என் மேல்கோட்டின் உள்பையில் பத்திரமாக இருக்கிறது. காலை முழுவதும் பஸ் ஓட்டும்போதும் அது அங்கேதான் இருந்தது. இரண்டு நிறுத்தங்களில் நிறுத்தாமலே போய்விட்டேன். ஒரு கிழவர் குடையால் என் முதுகைத் தட்டி, “அம்மா, நான் வீட்டுக்குப் போகணும், டப்ளினுக்கில்ல” என்றார்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். கோர்மக் இறந்த வருட ஈஸ்டர் பூசையில் நான் அவன் பக்கத்தில் நின்றேன். பாட்டின் நடுவில் சாய்ந்தான். உடனே எழுந்தும்விட்டான். “பசி, சித்தி. தவக்காலம்னு நாப்பது நாளா மிட்டாய் திங்காத பாவம்” என்று கண்ணடித்தான். ஆனால் அதற்கு முன் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்து, “இது நின்னு நின்னு அடிக்குது” என்று சொன்னான். உன் அம்மாவிடம் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். வளர்கிற பையன், காலையில் சாப்பிடவில்லை என்றாள். நானும் மறுபடி வற்புறுத்தவில்லை.

செப்டம்பரில் நெஞ்சு நின்று அவன் போனான். உடலை வீட்டில் வைத்திருந்த இரவு, சமையலறை நிறைய ஆட்கள். உன் அம்மா கையில் தட்டோடு எல்லோருக்கும் ரொட்டி நீட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் காதருகே போய், “நான் அப்பவே சொன்னேனே, பெர்னி” என்றேன். ஆறுதல் சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது அது. சொன்னது பொய்யில்லை. ஆனால் பிணத்தின் தலைமாட்டில் நின்று சொல்கிற உண்மைக்கு மன்னிப்பு கிடையாது. அவள் தட்டைக் கீழே வைக்காமலே, “டீலியா, வெளியே போ” என்றாள். போனேன்.

அதெல்லாம் இருக்கட்டும். ஒன்று எனக்குப் புரியவில்லை. முதல் வருட ஓட்டத்தில் திரட்டிய பணத்தில் இதயப் பரிசோதனை வண்டி உங்கள் ஊருக்கு வந்ததே. சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். உன் அப்பா கொட்டகையிலிருந்து கூப்பிட்டு, “நோலாவுக்கு ஒண்ணுமில்லையாம், பெர்னி சொன்னா” என்றார். அன்றுதான் நான் நன்றாகத் தூங்கினேன். அப்படியானால் உனக்கு வருவது என்ன? வளர்ச்சியா, பயமா? வண்டியில் டாக்டர் சரியாக என்ன சொன்னார்?

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நீ ஓடாதே. கணுக்கால் சுளுக்கு என்று சொல். பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது சித்திக்கு அழகில்லைதான். இருந்தாலும் சொல்.

அன்புடன்
டீலியா சித்தி

*

கில்கவன்
செப்டம்பர் 20, 2011

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதத்தை நீசா வீட்டுக் குளியலறையில் வைத்துப் படித்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தீர்கள்.

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்த வீட்டு விசேஷமோ அந்த வீட்டுக்காரர்கள் கடைசியில்தான் தட்டில் கை வைப்பார்கள். வண்டி வந்த அன்று மைதானத்துக் கிளப் கட்டடத்தில் அம்மாதான் எல்லாம். பன்றியிறைச்சி வைத்த ரொட்டி, கேக், பெரிய பாத்திரத்தில் தேநீர். வெளியே வண்டி, வாசல் வரை வரிசை. நான் காலையிலேயே வரிசையில் நின்றேன். அம்மா பார்த்துவிட்டாள்.

“ஏய் நோலா, அங்க என்ன பண்ற? வந்தவங்க முதல்ல போகட்டும். நம்ம வீட்டுப் பிள்ளை கடைசியில. வா, இந்தக் கோப்பையெல்லாம் எடு.”

நான் கோப்பைகளை எடுத்தேன். மதியம் மறுபடி நின்றேன். எனக்குப் பின்னால் மலையடிவாரத்துப் பண்ணையிலிருந்து ஒரு பெண் மூன்று பிள்ளைகளோடு மூச்சு வாங்க வந்தாள். வரிசையில் நின்ற எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கோர்மக்கின் தங்கை. என்ன செய்ய முடியும்? “நீங்க போங்க” என்றேன். அந்தப் பெண் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சாயங்காலம் அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது என்று வண்டிக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார்கள். அம்மா அவர்களுக்கு மிச்சமிருந்த கேக்கைக் கட்டிக் கொடுத்தாள்.

அப்பா என்னைக் கூட்டிப் போயிருப்பார் என்று அம்மா நினைத்தாள். அம்மாவே முதல் ஆளாக என்னைக் காட்டியிருப்பாள் என்று அப்பா நினைத்தார். மறுநாள் பூசை முடிந்து வெளியே வரும்போது நீசாவின் அம்மா, “சின்னவளுக்கு ஒண்ணுமில்லதானே, பெர்னி?” என்று கேட்டார். அம்மா, “கடவுள் புண்ணியத்துல ஒண்ணுமில்ல” என்றாள். யாருக்காவது ஏதாவது இருந்தால் தபாலில் கடிதம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். எங்களுக்குக் கடிதம் வரவில்லை. அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று இரவு அம்மா விடியும் வரை தூங்கினாள். கோர்மக் போன பிறகு முதல் தடவை. அந்தத் தூக்கத்தை எப்படிக் கெடுப்பேன்? போன வருடமும் வண்டி வந்தது. “போன தடவை பார்க்காதவங்க மட்டும் நில்லுங்க” என்று பேட்ஸி ஒலிபெருக்கியில் கத்தினார். அம்மா என் கையில் தேநீர்ப் பாத்திரத்தைக் கொடுத்தாள்.

அந்த வண்டியால் இரண்டு பிள்ளைகள் பிழைத்தார்கள், சித்தி. அதில் ஒருத்தி அந்த மலையடிவாரத்துப் பெண்ணின் மூத்த மகள். அவளுக்கு நெஞ்சில் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் அந்தம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். “உன் மகன்தான் என் மகளைக் காப்பாத்துனான்” என்கிறாள். அதைக் கேட்கத்தான் அம்மா கோயிலுக்கே போகிறாள் என்று சில சமயம் தோன்றும்.

சுளுக்கு என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா என் காலை மடியில் வைத்துத் தைலம் தேய்த்து, வீக்கமே இல்லையே என்றாள். நேற்றுப் படிக்கட்டில் நெஞ்சு மறுபடி தாளம் தப்பியது. விழவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பயத்துடன்
நோலா

*

கால்வே
செப்டம்பர் 24, 2011

என் நோலா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிக்க முடியவில்லை.

என் பஸ்ஸில் தினமும் ஏறும் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல் கேட்டேன். அண்ணன் இப்படிப் போயிருக்கிறான், தங்கைக்கு மயக்கம் வருகிறது, என்ன செய்யலாம் என்று. அவர் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை கூடவே வந்து என்னைத் துருவித் துருவிக் கேட்டார். அண்ணனை அடக்கம் செய்த மாதமே அவளைப் பார்த்திருக்க வேண்டும் என்றார். இப்போது அவள் படியேறும்போதுகூட யாராவது பக்கத்தில் இருக்கட்டும் என்றார். ஓடலாமா என்று கேட்டேன். “என்ன கேக்குறீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?” என்றார்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். கண்டுபிடித்துவிட்டால் இதற்கு வழி இருக்கிறது. மாத்திரை இருக்கிறது, கருவி இருக்கிறது. அந்த மலையடிவாரத்துப் பெண்ணின் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதானே இருக்கிறாள்? நீ சாகப்போகிறாய் என்று நான் சொல்லவில்லை, கண்ணு. ஓடினால் என்ன ஆகுமென்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றில் உன்னைப் பணயம் வைக்க மாட்டேன்.

ஆகவே கேள். அம்மாவிடம் நீயே சொல். உன்னால் முடியாவிட்டால் அப்பாவிடம் சொல். மாலக்கி அதிகம் பேசாத மனிதர், ஆனால் காது உள்ளவர். அடுத்த வெள்ளிக்கிழமை வரை பொறுப்பேன். நீ சொல்லிவிட்டாய் என்று செய்தி வராவிட்டால் நான் என் சத்தியத்தை உடைப்பேன்.

இது எனக்கும் எளிதில்லை. அந்த வீட்டுச் சமையலறையில் நான் கடைசியாகச் சொன்ன வாக்கியம் உனக்கு இப்போது தெரியும். மறுபடி அதே வாசலில் நின்று, “பெர்னி, உன் இன்னொரு பிள்ளை” என்று தொடங்க வேண்டும். அவள் என்னை இந்த ஜன்மத்துக்கும் மன்னிக்க மாட்டாள். நீயும் மன்னிக்காமல் போகலாம். அதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

டீலியா

*

கில்கவன்
செப்டம்பர் 28, 2011

சித்தி,

நீங்கள் சத்தியம் செய்தீர்கள். செய்யவில்லை என்று இப்போது சொல்லாதீர்கள். யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியதும் சத்தியம்தான்.

திங்கள் வரை பொறுத்தால் போதும். ஓட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு நானே சொல்கிறேன். ஞாயிறு மெதுவாக ஓடுவேன். பேட்ஸியே என்னைத் தாண்டிப் போகிற அளவுக்கு மெதுவாக. மேட்டில் நடப்பேன். கோர்மக் விழுந்த இடத்தில் எல்லோரும் எப்படியும் நின்று ஜெபம் சொல்வார்கள். அங்கே மூச்சு வாங்கிக்கொள்வேன்.

உங்களுக்கு அம்மாவைத் தெரியவில்லை. மூன்று வருடமாகப் பார்க்கவில்லை அல்லவா? அவள் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் காப்பாற்றிவிட்டேன் என்ற ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் கிணற்றுக்குள் விழாமல் இருக்கிறாள். தன் பிள்ளையை மட்டும் வரிசையிலிருந்து கூப்பிட்டுக் கோப்பை எடுக்க வைத்தேன் என்று தெரிந்தால் அந்தக் கயிறு அறுந்துபோகும். அதுவும் ஓட்டத்துக்கு முந்தின நாளா? ஊரே வரும்போதா?

நீங்கள் சொன்னால் உங்களுக்கு இனி நான் எழுத மாட்டேன். அம்மாவைப் போல நானும் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கும் அது வரும்.

அப்பாவிடம் சொல்லப் போனேன். கொட்டகையில் பசுவுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். “என்னம்மா?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். “ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு தூரம் நடந்து வந்த?” என்றார். பசு காலை உதறியது. அவர் அந்தப் பக்கம் திரும்பினார். நான் வந்துவிட்டேன்.

நோலா

*

கில்கவன்
அக்டோபர் 1, 2011, சனி இரவு

சித்திக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. நேற்றும் இன்றும் நீசா வீட்டுக்குப் போனேன். “உனக்கு யாருடி காதல் கடிதம் எழுதுறான், இப்படித் தவிக்கிற?” என்று நீசா கேட்டாள். சிரித்தேன். பொறுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். திங்களன்றுதான் தபாலில் போட முடியும். போடுவேன்.

இன்று முழுவதும் வீடு ஆட்களால் நிறைந்திருந்தது. மேசை மேல் ரொட்டி மலை. அம்மா வெண்ணெய் தடவிக்கொண்டே பாடினாள். கோர்மக்கின் சட்டையை அவளே இஸ்திரி போட்டாள். தோளில் பெரிதாக இருக்கிறது என்று உள்பக்கம் இரண்டு தையல் போட்டுச் சிறிதாக்கினாள். போட்டுப் பார்க்கச் சொன்னாள். போட்டேன். ஊசியை வாயில் கடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா” என்றேன்.

“ம்?”

“நான் ஓடலைன்னா ரொம்ப வருத்தப்படுவியா?”

ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். “பயமா இருக்கா? எல்லாரும் உன்னையே பாப்பாங்கன்னா? அட அசடு. உங்கண்ணனுக்கும் முதல் ஆட்டத்துக்கு முன்னால வயித்தக் கலக்குச்சு. பாத்ரூமை விட்டு வரவேயில்ல. உங்கப்பா போய் கதவைத் தட்டி, ‘டேய், ஆட்டம் வெளியதான்டா நடக்குது’ன்னாரு.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். வாய் வரை வந்தது உள்ளே போய்விட்டது. போகும்போது அது நெஞ்சில் இடித்தது. இரண்டு தடவை நின்று, பிறகு அடித்தது. அவள் தையலின் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

சித்தி, யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். எனக்குச் சாக விருப்பமில்லை. மேட்டைத் தாண்டிவிடுவேன் என்று பகலில் நம்பிக்கை இருந்தது. இப்போது இல்லை. நாளை காலை எழுந்ததும் சொல்லிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். ஆனால் விடியும் முன்பே பேட்ஸி வந்துவிடுவார். பிறகு ஊர் முழுக்க வந்துவிடும்.

வாசலில் ஒரு கார் நிற்கிறது. இந்த நேரத்தில் யார்? மேசை நாற்காலி கொண்டுவருகிறவர்களாக இருக்கும்.

இல்லை. கீழே உங்கள் குரல்.

சன்னலைத் திறந்து பார்த்தேன். உங்கள் பச்சைக் கார்தான். அப்பா வாசலுக்கே வந்துவிட்டார். “உள்ள வா டீலியா, மழையில நிக்காத” என்கிறார். படிக்கட்டில் பாதி இறங்கி நின்று கேட்டேன். சமையலறைக் கதவு திறந்துதான் இருந்தது. நீங்கள் உட்காரவில்லை.

“பெர்னி, நான் சண்டைக்கு வரல. நீ என்னைத் திட்டு, அடி, அப்புறம் வெளியே போன்னு சொல்லு. போறேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேளு. நோலாவை அந்த வண்டியில யாரும் பாக்கல.”

“பாத்தாங்களே. மாலக்கி கூட்டிட்டுப் போனாரே.”

“நானா?” என்றார் அப்பா. “நீதானே...”

ஏதோ தட்டு கீழே விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அம்மா மெல்ல, மிக மெல்ல, “நான்தான் கூப்பிட்டேன். கோப்பை எடுக்க நான்தான் கூப்பிட்டேன்” என்றாள். பிறகு நீங்கள், “கோர்மக் விஷயத்துல நானும் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், பெர்னி. இவளுக்காக எத்தனை தடவை வேணாலும் சொல்லுவேன். இவளுக்கும் அதே மாதிரி மயக்கம் வருது. நாளைக்கு அவ ஓட வேண்டாம்” என்றீர்கள்.

நான் ஓடி வந்து அறைக்குள் புகுந்துகொண்டேன். ஓடியிருக்கக் கூடாது. கட்டிலில் உட்கார்ந்து, அது சரியாகும் வரை மூச்சை எண்ணினேன். சரியாகிவிட்டது.

நீங்கள் சொன்னால் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தேன். படியில் நின்று உங்கள் குரலைக் கேட்டபோது கோபம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. உங்களை வெறுக்க வேண்டும் என்று நினைத்த இடத்தில் எனக்கு வந்தது தூக்கம். நிஜமாகத்தான். இத்தனை நாள் வராத தூக்கம் அப்படியே கண்ணில் இறங்கியது. இந்தக் கடிதத்தை இனி தபாலில் போட வேண்டியதில்லை. கீழே வந்து உங்கள் கையில் தருகிறேன். அம்மா உங்களை வெளியே போகச் சொல்லாமல் இருந்தால்.

படியில் காலடி கேட்கிறது. ஒருவரின் காலடி இல்லை, இரண்டு பேர். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். அம்மா அழுகிறாளா என்று தெரியவில்லை. சித்தி, அவளிடம் முதலில் நான் என்ன சொல்ல வேண்டும்? நான்தான் அந்தப் பெண்ணை முன்னால் போகச் சொன்னேன், நீ இல்லை அம்மா, நீ கூப்பிட்டது காலையில், மதியம் வழி விட்டது நானேதான் என்று முதலில் சொல்லிவிட்டு

கதவைத் தட்டுகிறார்க